தொங்கானோடு கட்டிய படகு

எங்கள் சம்பந்தி அய்யாவு நாகப்பட்டினத்துக்காரர். என் மருமகள் தனலெட்சுமிக்குத் தகப்பனார். ஊரில் பாய் கட்டிப் பழகியவர் என்பதால், மலாயாவில் போர்ட் சுவெட்டன்ஹாமில் கப்பலை விட்டு இறங்கிய சில மாதத்திலேயே, கிள்ளான் பக்கத்து ரப்பர் தோட்டத்துத் துரை ஒருவர் தம்முடைய பாய்ப் படகுக்கு அவரை ஆளாகச் சேர்த்துக்கொண்டார். அந்தத் துரைக்குத் தோட்டத் தமிழ் நன்றாக வரும்.

சேர்ந்த புதிதில் ஒரு தப்பு நடந்தது. நாகப்பட்டினத்தில் கடல் ஏறி இறங்குவது முழங்கால் அளவுதான். அங்கே கட்டுகிற மாதிரியே இங்கேயும் ஜெட்டி என்கிற மரத் துறையில் கயிற்றை இழுத்துக் கட்டிவிட்டுக் கோயிலுக்குப் போய்விட்டார். இங்கே வற்றத்தில் தண்ணீர் இரண்டு ஆள் உயரம் இறங்கிவிடும். திரும்பி வந்து பார்த்தால், படகு ஜெட்டியில் கயிற்றோடு தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு பக்கப் பலகை பிளந்துவிட்டது. அய்யாவு படகைத் துவைத்துக் காயப் போட்டிருக்கிறார் என்று துறைமுகத்து ஆட்கள் ரொம்ப நாள் கேலி பேசினார்கள். துரை திட்டவில்லை. இன்னொரு தரம் இப்படி ஆனால் வேறு ஆள் பார்த்துக்கொள்வேன் என்று மட்டும் சொன்னாராம்.

அதற்குப் பிறகு சம்பந்திக்கு ஒரு பழக்கம் வந்தது. புது இடத்தில் படகைக் கட்டுமுன் கரையில் இறங்கி, அங்கேயே குடியிருக்கிற யாரையாவது விசாரிப்பார். வீட்டில் சம்பந்தியம்மா நல்லம்மாள் இதற்கும் ஒன்று சொல்வார்கள்.

"படகை எங்க கட்டணும்னு நாலு பேர்கிட்ட கேக்குறாரு. வீட்டுக்கு எப்ப வரணும்னு ஒருத்தர்கிட்டயும் கேக்க மாட்டேங்கிறாரு."

தனலெட்சுமி சின்னப் பிள்ளையாக இருந்தபோது, விஷக் காய்ச்சல் வந்து பிழைக்க மாட்டாள் என்று தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸ்ஸரே கையை விரித்துவிட்டார். பிள்ளை எழுந்து நடந்தால் வருகிற தைப்பூசத்துக்குப் பத்துமலையில் காவடி எடுக்கிறேன் என்று சம்பந்தி வேண்டிக்கொண்டார். முருகன் கைவிடவில்லை, பிள்ளை எழுந்துவிட்டாள். ஆனால் அந்தத் தை மாதம் பார்த்து, துரை கரையோரமாகவே மலாக்கா வரைக்கும் போய்வர வேண்டும் என்று கிளம்பினார். பூசத்துக்கு முன்னே திரும்பிவிடலாம் என்று வாக்கும் கொடுத்தார். சம்பந்தி படகிலேயே விரதம் இருந்தார். துரைக்கு மீன் பொரித்துக் கொடுத்துவிட்டு, குளித்து, தமக்குத் தனிச் சட்டியில் ஒரு வேளை பொங்கிச் சாப்பிட்டார்.

இரண்டு பேருக்கும் அந்தக் கரை புதிது. வழியில் சிப்பாங் என்கிற ஊரில் கிளிஞ்சல் பொறுக்கிய மலாய்ப் பெண்கள், இந்த ஜெட்டிக்கு அடியில் வற்றத்தில் வெறும் சேறுதான் என்று சொன்னதால் அங்கே கட்டாமல் தப்பினார்கள். போவது நல்லபடியாகவே போயிற்று. திரும்பும்போதுதான் காற்று படுத்துவிட்டது. பூசத்துக்கு முந்தின நாள் காலையில், வீடு போய்ச் சேராமல், லங்காட் ஆற்று வாயில் ஒதுங்கவேண்டி வந்தது.

அங்கிருந்து கிள்ளானுக்கு மோட்டார் பஸ் உண்டு. சம்பந்தி அதைப் பிடித்தால் போதும், காவடிக்குப் போய்விடலாம். ஆனால் பூசம் பௌர்ணமியில் வருவது. பௌர்ணமிக்குத்தான் தண்ணீர் எல்லா நாளையும்விட அதிகம் ஏறி, அதிகம் இறங்கும். ஜெட்டியில் கட்டினால் ஒருவர் கூடவே இருந்து கயிற்றை விட்டு விட்டுப் பிடிக்க வேண்டும். நடு ஆற்றில் நங்கூரம் போடலாம் என்றால், இழுக்கிற இழுப்புக்குச் சேற்றில் அது நிற்காது.

துரை, "நீ போ அய்யாவு. கயிறு நான் பாத்துக்கிறேன்" என்றார்.

"முன்னே ஒருக்கா நானும் பாத்துக்கிறேன்னுதாங்க சொன்னேன்."

துரை சிரித்துவிட்டார். சம்பந்திக்குச் சிரிப்பு வரவில்லை. விட்டுப் போனால் படகும் வேலையும் போகும், போகாவிட்டால் பிள்ளைக்காகச் செய்த வேண்டுதல் போகும். முருகனை நினைத்துக்கொண்டு, வழக்கம்போல விசாரிக்கக் கரையில் இறங்கினார்.

ஜெட்டிக்குச் சற்று மேலே, ஆற்று வளைவில், தொங்கான் என்கிற பெரிய சரக்குப் படகு ஒன்று நின்றது. விறகு ஏற்றுகிற படகு. வற்றத்திலும் அங்கே ஆழம் உண்டாம். நான்கு பக்கமும் நங்கூரம் போட்டிருந்தார்கள். மேலே சிவப்புத் துணி கட்டி, ஒரு சீனக் கிழவர் காவல் இருந்தார். அதன் பக்கத்தில் கட்டினால் தண்ணீரோடு இரண்டும் சேர்ந்து ஏறும், சேர்ந்து இறங்கும். கயிற்றைத் தொடவே வேண்டாம். ஆனால் விறகு ஏற்றப் புறப்பட்டுவிட்டால்? சம்பந்தி சந்தையில் எல்லோரும் பேசுகிற பாசார் மலாயில் அதைக் கேட்டார்.

"தாக் ஜாலான் லா," என்று கிழவர் கையை ஆட்டினார். நகராதாம். சீனப் புத்தாண்டுப் பெருநாளின் பதினைந்தாம் நாள் நாளைக்குத்தான். அது கழியாமல் கூலி ஆட்கள் ஒருவரும் வேலைக்கு வரமாட்டார்கள்.

அந்த வருஷம் அவர்களுடைய பதினைந்தாம் நாளும் நம் பூசமும் ஒரே பௌர்ணமியில் விழுந்திருந்தது.

படகின் சாயம் உரசிப் போகுமே என்று துரை யோசித்தார். சம்பந்தி தேங்காய் மட்டையைச் சாக்குகளில் அடைத்து நடுவில் தொங்கவிட்டார். படகைத் தொங்கானோடு கட்டி, தண்ணீர் கொஞ்சம் இறங்கும்வரை நின்று பார்த்தார். இரண்டும் ஒன்றாகவே இறங்கின. பிறகுதான் துரையிடம் சொல்லிக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார்.

கிள்ளானில் ரயில் பிடித்து, கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் வந்து தங்கிக் காத்திருந்த சம்பந்தியம்மாவையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு பத்துமலை போனார். எங்கள் இரு வீட்டுக்கும் பழக்கம் ஏற்பட்டது அப்போதுதான். காவடி நல்லபடியாக ஏறி இறங்கியது. தனலெட்சுமி தானே நடந்து படியேறினாள்.

மறுநாள் சம்பந்தி லங்காட்டுக்குத் திரும்பினார். படகின் பக்கப் பலகையில் ஒரு கைநீளம் சாயம் உரசியிருந்தது, வேறு சேதம் இல்லை. துரை கிழவரோடு உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தாராம். கொண்டுபோன பஞ்சாமிர்தத்தைச் சம்பந்தி கிழவருக்குக் கொடுத்தார். கிழவர் விரலால் தொட்டு ருசி பார்த்துவிட்டு, இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கிக்கொண்டார். பெருநாளுக்கு வைத்திருந்த ஆரஞ்சுப் பழங்களில் மிச்சம் இருந்ததைப் பிள்ளைக்கு என்று மடியில் கட்டிவிட்டார்.

சம்பந்தியம்மா அந்தப் பழங்களை முதலில் முருகன் படத்துக்கு முன்னால் வைத்தார்கள். பிறகுதான் தனலெட்சுமிக்கு உரித்துக் கொடுத்தார்கள்.