நிறுத்தத் தெரியாத தழும்பு

சாப்பிட்டுக் கொஞ்ச நேரத்தில் தொப்புளுக்கு வலப்பக்கம் முறுக்கிப் பிடிக்கும். கிரோன் நோய் (குடலில் விட்டு விட்டு வரும் தீராத அழற்சி) என்று ஏற்கெனவே தெரியும், மாத்திரையும் இருந்தது. ஏகாதசியன்று மட்டும் வலி எட்டிப் பார்க்காது.

ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டில் ஏகாதசிக்கு அடுப்பு மூட்டுவதில்லை. மாமியார் என் வலி நிற்பதை வீதி முழுக்கச் சொல்லிவிட்டார்.

"பெருமாளே வலியை எடுத்துண்டுட்டார். விரதத்தன்னிக்கு மாத்திரை எதுக்குடி?"

வலி இல்லாத நாளை யார்தான் வேண்டாம் என்பார்கள்? மாதம் இரண்டு உபவாசம் வாரம் இரண்டானது. மாத்திரையும் அத்தனை நாள் நின்றது. நான் இளைத்ததைத் தேஜஸ் என்றார்கள்.

ஒரு துவாதசி காலை, பாரணையில் (விரதம் முடித்து உண்பது) வழக்கம்போல அகத்திக்கீரை. நாரெல்லாம் உள்ளே போய் அடைத்துக்கொண்டது. வயிறு உப்பி, வாந்தி நிற்காமல், புத்தூரில் ஒரு மருத்துவமனைக்குத் தூக்கிப் போனார்கள்.

சிறுகுடலின் கடைசிப் பகுதி பென்சில்கூட நுழையாதபடி சுருங்கியிருப்பதாக ஸ்கேன் சொன்னது. அந்த வழியில் சாப்பாடு இறங்கினால்தான் வலி. பட்டினி கிடந்தால் வலிக்க ஒன்றுமில்லை. பெருமாளுக்கு இதில் வேலையே இல்லை.

டாக்டர் நிதானமாக விளக்கினார். "குடலோட உள்தோல் செல்லெல்லாம் சில நாள்ல செத்து உதிரும், புதுசு முளைக்கும். அழற்சி வந்தா அது அளவுக்கு மீறிச் சாகுது. அந்தப் புண்ணை ஆத்த வர்ற நார் செல்லு, வேலை முடிஞ்சதும் சாகணும். உங்களுக்கு அது சாகாம பெருகிக்கிட்டே இருக்கும்மா."

இதற்கு ஃபைப்ரோசிஸ் (தழும்பு நார் கட்டி இறுகுவது) என்று பெயர். மாத்திரை அழற்சியைத் தணிக்கும், இறுகிய நாரைக் கரைக்காது என்றார். வெட்டாமல் முடியாதா என்று கெஞ்சினேன். முடியவில்லை. ஒரு முழம் நீளக் குடல் போயிற்று.

மாத்திரையை விடாமல் இருந்திருந்தால் தப்பியிருக்குமா என்று கேட்டேன். அதை உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். எனக்கு அதுதான் ஆறவில்லை. வீட்டில் யார்மேலும் முழுசாகக் கோபப்படக்கூட வழியில்லை.

இதே நோயோடு இருப்பவர்களுக்குச் சொல்கிறேன். சாப்பிடாத நாளில்தான் சுகமாக இருக்கிறது என்றால் அதை நல்ல சேதியாக எடுக்காதீர்கள். அன்றே டாக்டரிடம் போங்கள்.

குடலில் தையல் போட்ட இடத்தில் மறுபடி தழும்பு வளரலாமாம். நாள், கிழமை எல்லாம் எனக்கு விட்டுப்போயிற்று. ஒரு கவளம் விழுங்கியதிலிருந்து அது வலிக்காமல் கடந்து போகும் வரைதான் இப்போது காலம். அறுவை சிகிச்சையையும் பெருமாளே நடத்திவைத்ததாக மாமியார் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

பார்க்க வருகிறவர்கள் உள்ளே ஆறிவிட்டதா என்று கேட்கிறார்கள்.

ஆறிக்கொண்டே இருக்கிறது. அதுதான் பயமாக இருக்கிறது.