மங்கும் விண்மீனுக்காகக் காத்திருந்தவள்

ஜெகதீஸ்வரி ஆராய்ந்த விண்மீன் உண்மையில் ஒன்றல்ல, இரண்டு. ஒன்றையொன்று சுற்றும் இரு ராட்சத விண்மீன்கள். அவற்றிலிருந்து வீசும் வாயுக்காற்று மோதும் இடத்தில் எக்ஸ்ரே ஒளி பிறக்கிறது. ஐந்தரை ஆண்டுக்கு ஒருமுறை இரண்டும் மிக நெருங்கும்போது அந்த எக்ஸ்ரே திடீரென்று மங்கி, சில வாரங்களில் மீளும்.

சென்றமுறை மங்கியபோது அவள் பினாங்கில் முனைவர் பட்ட மாணவி. கண்காணிப்பு தொடங்கிய வாரமே, ஏழுமாதக் கர்ப்பத்தில் ரத்தக் கொதிப்பு ஏறி மருத்துவமனையில் படுத்துவிட்டாள். குழந்தை பிழைத்தது. படிப்பு நின்றது. பிறகு தீவுக்கு எதிர்க்கரையில் புக்கிட் தெங்கா தொழிற்சாலையில் வேலை, தினமும் கடல் பாலத்து நெரிசல். விண்மீனைப் பற்றி யாரிடமும் பேசுவதில்லை.

கணவன் மோகனராஜ்தான் ஒருநாள் ஆரம்பித்தான். "உன் ஸ்டார் திரும்ப மங்கற நேரமாச்சே. டாக்டர் லைலாவுக்கு ஒரு மெசேஜ் போடேன் லா."

"இவ்வளவு நாள் கழிச்சு எந்த முகத்தோட போடுறது?"

"இருக்கிற முகத்தோடதான்."

அவளுடைய பழைய ஆய்வு நெறியாளர் லைலா. மெசேஜ் போட்ட அன்று மதியமே பதில் வந்தது. "எங்க போயிட்டீங்க ஜெகா? வாங்க."

நின்றுபோன ஆய்வேட்டை மீண்டும் தொடங்கினாள். விண்வெளித் தொலைநோக்கி அனுப்பும் எண்களோடு வார இறுதிகள் கழிந்தன. பழைய மங்கல்களை ஒப்பிட்டுப் பார்த்து, இம்முறை ஒளி சென்றமுறையைவிடச் சீக்கிரமே திரும்பும் என்றாள் ஜெகதீஸ்வரி.

லைலா தயங்கினார். "தப்பாப் போனா ஆய்வேட்டுல அந்த அத்தியாயமே போச்சு."

"போகட்டும் டாக்டர். கணிப்ப முன்னாடியே எழுதி வெளியிட்டுடுறேன்."

விண்மீன் மங்கியது. ஒருநாள் தொழிற்சாலை கேன்டீனில் சாப்பிட உட்கார்ந்தபோது கைப்பேசியில் புதிய அளவு வந்திருந்தது. லேசான ஏற்றம். கருவியின் பிசகாகவும் இருக்கலாம். அடுத்த அளவுக்குக் காத்திருந்தாள். மறுநாள் அதே கேன்டீனில் அது வந்தபோது ஒளி நன்றாகவே ஏறியிருந்தது. வெளியே ஓடி லைலாவை அழைத்தாள்.

"டாக்டர், வந்துடுச்சு! போன தடவைய விட சீக்கிரம்!"

"நானும் இப்பதான் பார்த்தேன். ஜெகா, அழுவுறீங்களா?"

"இல்லையே" என்று அழுதாள்.

கணிப்பு முழுக்கப் பலிக்கவில்லை. அவள் சொன்னதற்கு ஒரு வாரம் பிந்தித்தான் ஒளி திரும்பியது. ஏன் என்று இன்னும் புரியவில்லை. ஆனால் அந்த ஒரு வாரம்தான் இப்போது அவளுக்குப் பிடித்த அத்தியாயம். அதை எழுதி முடிக்க, தொழிற்சாலையில் வாரத்தில் மூன்று நாள் மட்டும் வேலை கேட்டாள். "பார்க்கலாம்" என்ற மேலாளர், மறுநாளே சரி என்றார்.