மோட்டார் ரூமில் கிடந்த விருமாண்டி

பாண்டீஸ்வரி இதுவரை பதினேழு பேரைக் கொன்றிருக்கிறாள். பதினேழு கொலைகளையும் டைப் அடித்தது நான். கே.கே. நகரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் முத்துமீனா என்றால் எங்கள் தெருவில் எல்லாருக்கும் தெரியும். அவளுடைய நாவல்களில் மட்டும் என் பெயர் எங்கேயும் வராது. அதில் எனக்கு வருத்தம் உண்டு, அதை அவளிடம் அடிக்கடி சொல்லிக்காட்டவும் செய்கிறேன்.

பக்கத்துத் தெரு கிளினிக்கில் டோக்கன் கொடுப்பது அவளுக்கு வேலை. ஒரு டோக்கனுக்கும் அடுத்த டோக்கனுக்கும் நடுவில், மருந்துக் கம்பெனிக்காரர்கள் தந்துவிட்டுப் போகும் பேடில் கதை எழுதுவாள். பன்னிரண்டு வருஷம் டாக்டர் பக்கத்திலேயே இருந்ததில் கையெழுத்தும் டாக்டர் கையெழுத்தாகவே ஆகிவிட்டது. கத்தியால் குத்தினானா, கட்டையால் அடித்தானா என்று புரியாமல் நான் போன் போட்டால், "எதுல அடிச்சா என்னடி, ஆளு செத்தாச் சரி" என்பாள்.

அவளுடைய நாயகி சரண்யாதேவி அழகு நிலையம் நடத்துகிறவள். போலீஸ் கைவிட்ட கேஸையெல்லாம் புருவம் எடுத்தே கண்டுபிடிப்பாள். சந்தேகப்படுகிற ஆளை நாற்காலியில் சாய்த்து, நூலைப் பல்லில் கடித்துக்கொண்டு நாலு கேள்வி கேட்பாள். அந்த வலியில் எவராலும் பொய்யை யோசித்துச் சொல்ல முடியாதாம். பாண்டீஸ்வரி அழகு நிலையத்துக்குள் போனது கல்யாணத்துக்கு முதல் நாள் ஒரே ஒரு தடவை. அன்றைக்குப் பட்ட பாட்டை வைத்துப் பதினேழு நாவல் எழுதிவிட்டாள்.

எழுதி எழுதி, தானே சரண்யாதேவி என்ற நினைப்பும் வந்துவிட்டது. போன வருஷம் டாக்டரின் பேனா காணாமல் போனதற்கு இரண்டு நாள் விசாரணை நடத்தினாள். நர்ஸ், வாட்ச்மேன், மூட்டுவலிக்கு வந்த ஒரு பெரியவர் வரைக்கும் எல்லாரையும் துருவித் துருவிக் கேட்டாள். கடைசியில் பேனா அவளுடைய கைப்பையிலேயே இருந்தது.

இந்தத் துப்பறியும் புலிக்குத்தான் தை மாதம் ஒரு நிஜக் கேஸ் வந்து சேர்ந்தது.

அவள் மகள் ரோகிணிக்கு ஐந்து வயது. மாசியில் காதுகுத்து என்று நாள் குறித்தாகிவிட்டது. பத்திரிகை அடிக்கிற வேலையும் என்னுடையதுதான். எல்லாம் டைப் அடித்து முடித்து, தாய்மாமன் பெயர் போடுகிற இடத்தை மட்டும் விட்டுவைத்திருந்தோம். பாண்டீஸ்வரிக்குக் கூடப் பிறந்தவர் ஒரே ஒரு அண்ணன்தான். செக்கானூரணிக்கு அங்கிட்டு மல்லித் தோட்டம் வைத்திருக்கிறார். அவர் மடியில் உட்கார வைத்துத்தான் பிள்ளைக்குக் காது குத்த வேண்டும். முறைக்கு அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று என் கடையிலிருந்தே ஸ்பீக்கரில் போட்டாள்.

"அண்ணே, பத்திரிகையில உங்க பேரு போட்டுரலாம்ல?"

"செத்தவன் பேர எதுக்குத்தா போடுறீக? போட்டே ஆகணும்னா, முன்னால தெய்வத்திருன்னு சேத்துக்கச் சொல்லு."

போன் கட்டாகிவிட்டது. நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். பாண்டீஸ்வரி சிரிக்கவில்லை.

சங்கதி இதுதான். அவளுடைய பதினேழாவது நாவல் மார்கழியில் வெளிவந்தது. அதில் கொலையாகிறவர் ஒரு மல்லித் தோட்டக்காரர். பெயர் விருமாண்டி. காதில் கடுக்கன், நீலக்கலர் மொபெட், வேப்பமரத்தடியில் மோட்டார் ரூம். பாண்டீஸ்வரியின் அண்ணன் பெயரும் விருமாண்டி. கடுக்கன், மொபெட், வேப்பமரம் எல்லாம் அவருக்கும் உண்டு. "எங்க ஊர்ல கல்லெடுத்து எறிஞ்சா ஒரு விருமாண்டி மேலதான் விழும், இது கற்பனைடி" என்று டைப் அடிக்கும்போதே என்னிடம் சாதித்தவள் அவள்.

இப்போது தாய்மாமன் வராமல் காதுகுத்து நடக்க வேண்டுமா என்பதுதான் கேள்வி. அவளுடைய பிறந்த வீட்டுப் பங்காளிகளில் ஒருவரைப் பிடித்து உட்கார வைக்கலாம். ஆனால் வருகிறவர்கள் சாப்பிட்டுக் கை கழுவுவதற்குள் காரணத்தைக் கேட்டுவிடுவார்கள். பாண்டீஸ்வரிக்கு அதைவிட, அண்ணன் இல்லாத பந்தலை நினைக்கவே முடியவில்லை. ராத்திரியெல்லாம் அழுதாள் என்று அவள் வீட்டுக்காரர் செல்வக்குமார் சொன்னார். மறுநாள் காலையில் பேடை எடுத்து விசாரணையைத் தொடங்கிவிட்டாள்.

முதல் சந்தேகம் கடுக்கன் மேல். "அடுத்த பதிப்புல கடுக்கன எடுத்துர்றேண்ணே" என்று போன் போட்டாள். அவர் 'ம்' என்றதோடு சரி. அடுத்து, செத்தது விருமாண்டியே இல்லை, அவரைப் போலவே இருக்கிற வேறு ஆள் என்று அடுத்த நாவலில் எழுதிவிடுவதாகச் சொன்னாள். "அந்த ஆளயே தாய்மாமனா வச்சுக்க" என்று பதில் வந்தது.

மூன்றாவது சந்தேகம் காளையண்ணன் மேல். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் விருமாண்டியண்ணன் பூப்போடும் கடைக்காரர். நாவலை அவருக்கு வாசித்துக் காட்டியதே இவர்தான். கேலி பண்ணி ஏற்றிவிட்டிருப்பார் என்பது பாண்டீஸ்வரியின் கண்டுபிடிப்பு. என்னையும் கடையைப் பூட்டச் சொல்லி, ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டு போனாள். சாட்சி வேண்டுமாம்.

"நானா ஏத்திவிட்டேன்?" என்று காளையண்ணன் பதறிவிட்டார். "ஒங்கண்ணன் எம்புட்டுச் சிரிச்சான் தெரியுமா தங்கச்சி? பொணம் கெடக்குதுன்னு வாசிச்சதும் கடையில நின்ன அம்புட்டுப் பேருக்கும் டீ வாங்கிக் குடுத்தான். என் தங்கச்சி என்னயக் கொன்னுட்டாடான்னு ஒரே பெருமை. பொணம் மோட்டார் ரூம்ல மூணு நாளாக் கெடந்துச்சுன்னு ஒரு எடம் வந்துச்சு பாரு, அப்பத்தான் மொகம் செத்துப்போச்சு. துண்ட ஒதறிட்டுப் போயிட்டான்."

திரும்பி வரும் வழியில் பாண்டீஸ்வரி தீவிரமாக யோசித்தாள். "நாத்தம் அடிச்சுச்சுன்னு எழுதுனேன்ல, அதான் புடிக்கல போல. எங்கண்ணே ரொம்பச் சுத்தம்."

எனக்கு வந்த கோபத்தில் அவளை ஸ்கூட்டியிலிருந்து தள்ளிவிட்டிருப்பேன். ஓட்டியது அவள் என்பதால் விட்டுவிட்டேன். "ஒன் சரண்யாதேவி இந்நேரம் நேர்ல போயிருப்பாடி, வண்டியத் திருப்பு" என்றேன்.

நாங்கள் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது அண்ணன் வேப்பமரத்தடிக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். "வாம்மா முத்துமீனா" என்று என்னை மட்டும் கூப்பிட்டார். அவர் மனைவி செல்லத்தாய் இரண்டு பேருக்கும் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

"கதையில கொன்னது தப்புத்தாண்ணே" என்று பாண்டீஸ்வரி ஆரம்பித்தாள்.

"கொன்னதப் பத்தி யாரு பேசுனா? அது ஒன் தொழிலு, கொல்லு." அவர் அவளைப் பார்க்காமல் தோட்டத்தைப் பார்த்துப் பேசினார். "மூணு நாளு கெடந்தேனே. பால்க்காரன் வந்துல்ல பாத்தான்? கூடப்பொறந்தவ எங்க போனா?"

"அண்ணே, அந்த ஆளுக்குத் தங்கச்சியே கெடையாதுண்ணே. அது கதை."

"அதத்தான் நானும் சொல்றேன். எனக்குத் தங்கச்சியே இல்லன்னு எழுதிப்புட்ட."

எனக்குச் சுரீரென்றது. ஐப்பசியில் அண்ணனுக்கு டெங்கு வந்து ஆறு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். ஆஸ்பத்திரி எங்கள் ஏரியாவில்தான் இருந்தது, ஸ்கூட்டியில் பத்து நிமிஷம். அப்போது சென்னையிலிருந்து பதிப்பகத்துக்காரர்கள் நாவலைக் கேட்டு நெருக்கிக்கொண்டிருந்தார்கள். அவள் எழுதிக்கொண்டே இருந்தாள். போய்ப் பார்த்துட்டு வாடி என்று சொல்ல வேண்டிய நானே, அடுத்த அத்தியாயம் எங்கே என்று அவளை நச்சரித்தேன். செல்வக்குமார் இளநீரோடு இரண்டு தடவை போய்வந்தார், இவள் போகவே இல்லை. போகாத அந்த நாட்களில்தான் மோட்டார் ரூம் அத்தியாயங்களை எழுதினாள், நான் டைப் அடித்தேன். இரண்டு பேருக்கும் அது உறைக்கவில்லை.

"தெனமும் போன் பண்ணேனேண்ணே" என்றாள் மெதுவாக.

"கஸ்டமர் கேர்லருந்துகூடத்தான் தெனமும் போன் வருது."

பாண்டீஸ்வரி உடைந்துபோனாள். பதினேழு பிணத்தைக் கண் சிமிட்டாமல் எழுதியவள், கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து சின்னப் பிள்ளையாட்டம் அழுதாள். எனக்கும் அழுகை வந்தது. என் பங்குக்கு நானும் மன்னிப்புக் கேட்டேன். அது யார் காதிலும் விழவில்லை.

செல்லத்தாய் மதினிதான் எழுந்து வீட்டுக்குள் போனார். பீரோ திறக்கிற சத்தம் கேட்டது. ஒரு சின்ன சிவப்பு டப்பாவைக் கொண்டுவந்து பாண்டீஸ்வரி மடியில் வைத்தார்.

"ஆஸ்பத்திரிக்குப் போற அன்னிக்குத்தான் நகைக்கடையிலருந்து வந்துச்சு. ஆறு நாளும் தலகாணிக்கு அடியிலயே வச்சிருந்தாரு. பீரோவுல வைக்கிறேன்னு கேட்டேன், குடுக்கல. தங்கச்சி எப்ப வேணா வருவா, காமிக்கணும்னாரு."

"ஏய், இப்ப இதெல்லாம் எதுக்கு?" என்று அண்ணன் அதட்டினார்.

பாண்டீஸ்வரி டப்பாவைத் திறந்தாள். ரோகிணிக்கு ஒரு ஜோடி கம்மல். அவள் அழுகை இன்னும் கூடிவிட்டது. விருமாண்டியண்ணன் கட்டிலில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார். தோளில் கிடந்த துண்டை எடுத்து அவள் கையில் கொடுத்தார்.

"மொகத்தத் தொட. தொடச்சுட்டு, எம் மருமக காதுக்கு இது கனமா இருக்குமான்னு பாத்துச் சொல்லு. மாத்தணும்னா நாளைக்கே போயி மாத்திட்டு வாரேன்."