ஏழு கோடு போட்ட அட்டை

அந்த அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் ஆயிரத்து நூறு பேர் வேலை செய்கிறார்கள். அவர்களில் யார் வீட்டில் யார் இறந்தாலும் செய்தி முதலில் வந்து சேர்வது மாடியில், ஜன்னலோர மேசையில் உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்ணிடம்தான். வயது நாற்பத்தேழு. பணியாளர் சலுகைப் பிரிவில் இருபத்தோரு வருடம். கீழே இயந்திரக்கூடத்தில் அவருக்குப் பெயர் லிஸ்டக்கா. முகத்துக்கு நேராகவே அப்படிக் கூப்பிடுகிறார்கள், அவரும் "என்னப்பா?" என்று திரும்பிப் பார்க்கிறார்.

லிஸ்ட் என்பது துக்க விடுப்புக்கான உறவுப் பட்டியல். தாய், தந்தை, கணவன் அல்லது மனைவி, மகன், மகள், துணையின் தாய், துணையின் தந்தை. ஏழே ஏழு. இவர்களில் ஒருவர் இறந்தால் சம்பளத்தோடு ஐந்து நாள் விடுப்பு. இவர்களில் ஒருவர் படுத்த படுக்கையானால், கூட இருந்து பார்த்துக்கொள்ளப் பதினைந்து நாள். வேறு யாராவது என்றால் கணினியில் 'மற்றவர்' என்ற கட்டத்தைத் தொட வேண்டும். அப்போது விண்ணப்பம் சரிபார்ப்பு வரிசைக்குப் போகும். சரிபார்ப்பவர் லிஸ்டக்கா. 'பட்டியலில் இல்லை' என்று குறித்துத் திருப்பி அனுப்புவார்.

அந்தப் பட்டியலை யார் போட்டார்கள் என்று ஒருவரும் கேட்டதில்லை. நிர்வாகம் போட்டது, அரசாங்கம் போட்டது, வக்கீல் போட்டார் என்று ஆளுக்கு ஒன்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். போட்டது அவரேதான்.

பத்தொன்பது வருடத்துக்கு முன்னால் ஒரு புதன்கிழமை மத்தியானம். பணியாளர்களுக்குச் சட்டைப்பை அளவில் ஒரு சலுகை அட்டை அடிக்கக் கொடுத்திருந்தார்கள். அவர் எழுதிக் கொடுத்த பட்டியலில் பதினொரு உறவுகள் இருந்தன. அச்சகத்துக்காரர் போன் செய்தார். அட்டையை வெட்டியாகிவிட்டது, மேலே கம்பெனி சின்னம், கீழே கையெழுத்துக்கு இடம், நடுவில் ஏழு கோடுதான் நிற்கும், ஐந்து மணிக்குள் நாலைந்து வரியைத் தூக்கிச் சொல்லுங்கள் என்றார். பெரிய அதிகாரி வெளியூரில் இருந்தார். லிஸ்டக்காவே பென்சிலை எடுத்து நாலு வரியை அடித்தார்: சகோதரன், சகோதரி, தாத்தா பாட்டி, வளர்த்தவர். அடுத்த வருடம் அட்டையைக் கொஞ்சம் பெரிதாகப் போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தார்.

அடுத்த வருடம் அட்டையே இல்லை, கணினி வந்துவிட்டது. மென்பொருள் போட வந்தவர் அட்டையைப் பார்த்தார். ஏழு இருந்தது. ஏழைப் போட்டார்.

அதற்குப் பிறகு 'பட்டியலில் இல்லை' என்று திரும்பிய விண்ணப்பங்கள் இருநூற்றுப் பதினாலு. இந்த வருடம் அவற்றை ஒவ்வொன்றாகத் திறந்து படித்தார். காரணம், வீட்டில் அத்தை.

அத்தை என்றால் மாமியார். இன்னும் சரியாகச் சொன்னால், முன்னாள் மாமியார். பன்னிரண்டு வருடத்துக்கு முன் கணவர் வேறொருத்தியோடு வாழப் போய்விட்டார். விவாகரத்துத் தாள் கைக்கு வந்த வாரம், அம்மாவையும் கூட்டிப்போக வண்டி எடுத்துக்கொண்டு வந்தார். அத்தை வாசற்படி தாண்டவில்லை. "பொண்டாட்டிய விட்டது நீ. நான் யாரையும் விடலையே. வண்டியத் திருப்பு" என்றார். அன்றிலிருந்து இரண்டு பெண்களும் அந்த இரண்டு அறை வீட்டில்தான்.

அத்தை தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டராக இருந்தவர். மூன்று நிமிடம் ஆனால் இணைப்பைத் துண்டிப்பது அவருடைய முப்பது வருட வேலை. பேச்சு இழுத்தால் இப்போதும் "கட் பண்ணிடுவேன்" என்பார். நுரையீரல் கெட்டுப்போய், கட்டிலுக்குப் பக்கத்தில் ஆக்சிஜன் இயந்திரமும் மூக்கில் குழாயுமாக இருந்தபோதும் அந்தக் குணம் போகவில்லை. டாக்டர் மருமகளை மட்டும் வராந்தாவுக்குக் கூப்பிட்டு மூன்று மாதம் என்றார். உள்ளே வந்தவரிடம் அத்தை கேட்டார்:

"எவ்வளவு சொன்னான்?"

"நல்லாயிடும்னு சொன்னார் அத்தை."

"பொய் சொல்றப்ப உனக்குக் குரல் மேல போகும். எவ்வளவு?"

"மூணு மாசம்."

"மூணு மாசமா? மூணு நிமிஷத்துல கட் பண்ணவளுக்கு இது தாராளம்டி."

சொந்த விடுப்பு பன்னிரண்டு நாளும் ஆஸ்பத்திரியிலேயே கரைந்துவிட்டது. பகலில் மேல்வீட்டுத் தையல்காரி வந்து பார்த்துக்கொண்டாள். லிஸ்டக்காவுக்கு வேண்டியிருந்தது அந்தப் பதினைந்து நாள். கடைசி நாட்களில் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். கணினியில் தன் பக்கத்தைத் திறந்தால் துணையின் தாய் என்ற வரி சாம்பல் நிறத்தில் மங்கிக் கிடந்தது. துணை இல்லாதவருக்குத் துணையின் தாய் கிடையாது. மற்றவர் என்ற கட்டத்தை அவர் தொடவில்லை. பதில் என்னவென்று அவருக்குத் தெரியாதா?

அந்தச் சமயத்தில்தான் ஊதியம், சலுகைகள் பற்றிய வருடாந்திர மாநாட்டிலிருந்து மின்னஞ்சல் வந்தது. அமர்வு நடத்த விரும்புவோர் வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் முன்மொழிவு அனுப்பலாம். சுருக்கம் இருநூற்றைம்பது சொல்லுக்குள். கூடவே நிர்வாகத்தின் ஒப்புதல் கடிதம். அவர் மேடையேறியதே இல்லை. ஆனாலும் அச்செடுத்துக்கொண்டு மேலாளர் அறைக்குப் போனார்.

மேலாளர் அவரைவிடப் பத்து வயது சின்னவர்.

"நம்ம ஓட்டைய நாமே மைக் போட்டுச் சொல்லணுமா மேடம்?"

"ஓட்டை கம்பெனியோடது இல்ல சார். நான் போட்டது." அச்சகத்து போன் கதையைச் சொன்னார்.

மேலாளர் சிரிக்கப் பார்த்து, முடியாமல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இத்தனை வருஷமா ஒரு அட்டையோட அளவா?"

"ஆமா சார்."

"பட்டியலை மாத்தணும்னு நான் வெறுங்கையோட போனா குழு காதுலயே வாங்காது. நீங்க அனுப்பி, பதிவு நம்பர் மட்டும் வாங்கிக் குடுங்க. வெளிய நாலு பேர் கேக்கப் போறாங்கன்னா உள்ள தானா கதவு திறக்கும். திங்கட்கிழமை கூட்டம். அன்னைக்கே வச்சிடறேன்." கடிதத்தில் கையெழுத்துப் போட்டார். "உங்க மாமியாருக்கும் அதுல வழி பண்ணிடலாம்."

உதாரணத்துக்கு ஒருவரின் அனுபவம் வேண்டும் என்று படிவம் கேட்டது. கீழே இறங்கி, ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநரைப் பார்த்தார். எட்டு வருடத்துக்கு முன் அவருடைய விண்ணப்பத்தைத் திருப்பியிருந்தார். இறந்தது அண்ணன்.

"உன் கதைய எழுதிக்கட்டுமாப்பா? பேர் போட மாட்டேன்."

"அதுல என்னக்கா கதை இருக்கு? அண்ணன்னு போட்டேன், இல்லைன்னு வந்துச்சு. அப்பான்னு போட்டிருந்தா கிடைச்சிருக்கும்னு பசங்க திட்டினாங்க. அப்பா உயிரோட இருந்தாரு. அவரை எப்படிக்கா சாகடிக்கிறது?"

லிஸ்டக்கா கையிலிருந்த படிவத்தை மடித்தார்.

"போன வருஷம் அவரும் போயிட்டாரு. அஞ்சு நாள் குடுத்தீங்கல்ல? அதுல ரெண்டு நாள அண்ணனுக்குன்னு வச்சுக்கிட்டேன். எழுதிக்குங்க, எனக்கு ஒண்ணுமில்ல." வண்டியைப் பின்னால் எடுத்தவர் மறுபடி நிறுத்தினார். "சோறு போடுவாங்களா அந்த மாநாட்டுல?"

வியாழன் சாயங்காலம் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அத்தைக்குப் படித்துக் காட்டினார். ஆக்சிஜன் இயந்திரம் உர்ரென்று ஓடிக்கொண்டிருந்தது.

"'அமர்வின் முடிவில் பங்கேற்பாளர்கள் தம்முடன் எடுத்துச் செல்லும் மூன்று விஷயங்கள்...'"

"என்னத்தடி எடுத்துட்டுப் போவாங்க? பொட்டலமா?"

"விஷயம் அத்தை. கத்துக்கிட்டது."

"அப்ப கத்துக்கிட்டதுன்னு எழுது. சரி, படி."

படித்தார். அண்ணி, பெரியம்மா, சித்தப்பா, தூக்கி வளர்த்த பக்கத்து வீட்டுக்காரர், தங்கையின் கைக்குழந்தை என்று இருநூற்றுப் பதினாலு பேர். ஏழு கோடு. அண்ணனுக்காக எடுத்து வைத்த இரண்டு நாள். கடைசி வரி: 'இதை எழுதுபவரை இன்றும் மகளாக வைத்துக்கொண்டிருக்கும் மாமியாரும் இந்தப் பட்டியலில் இல்லை.'

அத்தை மூச்சு வாங்கிக்கொண்டு கேட்டார். "எத்தனை சொல்லு?"

"இருநூத்தி ஐம்பத்தேழு. ஏழு அதிகம்."

"கடைசி வரிய எடு."

"அது ஒன்பது சொல் அத்தை. எடுத்துட்டா ரெண்டு மிச்சம் வரும்."

"வரட்டும். ஊரான் பாடு நியாயமா நிக்குது. நடுவுல நான் எதுக்கு? எம்மாமியாருக்கு லீவு குடுங்கன்னு கேக்க வந்தவன்னு நினைப்பாங்க. உன்னைச் சொல்லுவாங்கடி."

"அதுக்குத்தானே கேக்கறேன்."

"அது நமக்குள்ள இருக்கட்டும். வெட்டு."

ஒரு சொல்லையாவது காப்பாற்றப் பார்த்தார். அத்தை கண்ணை மூடிக்கொண்டார். லிஸ்டக்கா வரியை அழித்தார். பத்தொன்பது வருடத்துக்கு முன் பென்சிலைப் பிடித்த அதே விரல்கள் என்பது அழித்து முடித்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. சொல் எண்ணிக்கை இருநூற்று நாற்பத்தெட்டில் நின்றது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் வரை வேலை விடவில்லை. நாலு மணிக்கு உட்கார்ந்தார். சுருக்கம் ஏறிவிட்டது. ஒப்புதல் கடிதம் ஏறவில்லை. கோப்பு பெரிதாக இருக்கிறது என்று சிவப்பு எழுத்தில் வந்தது. கீழே சரக்கறைக்கு ஓடி, அங்கிருந்த சின்ன ஸ்கேனரில் மறுபடி எடுத்துக்கொண்டு மூச்சிரைக்க மாடியேறினார். நாலு இருபதுக்குப் போன் அடித்தது. அத்தை.

"அனுப்பிட்டியா?"

"இல்ல அத்தை, கடுதாசி ஏற மாட்டேங்குது. உங்களுக்கு எப்படி இருக்கு?"

கொஞ்ச நேரம் இயந்திரத்தின் சத்தம் மட்டும் கேட்டது.

"இருக்கேன். முடிச்சிட்டு வா."

"குரல் ஒரு மாதிரியா இருக்கே?"

"மூணு நிமிஷம் ஆச்சு. கட் பண்றேன்."

ஒரு நிமிடம்கூட ஆகியிருக்கவில்லை. அதை அவர் அப்போது கவனிக்கவில்லை.

நாலு ஐம்பத்திரண்டுக்குக் கடிதம் ஏறியது. பொத்தானை அழுத்தினார். பதிவு எண் வந்தது. சீட்டில் எழுதி மேலாளரின் மேசையில் வைத்துவிட்டுப் பையை எடுத்தார். ஐந்து மணி தாண்டியதும் தையல்காரி கூப்பிட்டாள். அழுகைதான் கேட்டது.

வீட்டு வாசலில் ஆம்புலன்ஸ் வெறுமனே நின்றுகொண்டிருந்தது. தையல்காரி கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உன்கிட்டப் பேசி வச்சதுமே மூச்சு முட்டிப்போச்சுக்கா. ஆம்புலன்ஸுக்குச் சொன்னேன். உன்னைக் கூப்பிடறேன்னு போனை எடுத்தா, பிடுங்கி தலகாணிக்கு அடியில வச்சுக்கிட்டாங்க. அஞ்சு மணிக்கு மேல கூப்பிடு, அவ அதுக்குள்ள அனுப்பிடுவான்னாங்க. அவங்க சொல்லிட்டாங்கன்னு நானும்... நான் கூப்பிட்டிருக்கணும்க்கா. கீழ போயாவது கூப்பிட்டிருக்கணும்."

"நீ என்ன பண்ணுவே? அவங்க ஆபரேட்டர். யாரை எப்ப இணைக்கணும்னு அவங்களுக்குத்தான் தெரியும்" என்றார் லிஸ்டக்கா. அதைச் சொல்லும்போது அவருடைய குரல் மேலே போயிருந்தது. பிறகு உள்ளே போய், ஓடிக்கொண்டேயிருந்த இயந்திரத்தை நிறுத்தினார்.

செய்தி கேட்டுக் கூப்பிட்ட மேலாளர், திங்கட்கிழமை பட்டியல் மாறினால் கிடைத்துவிடும் என்று சொன்னதால், அன்றிரவே போனில் மற்றவர் என்ற கட்டத்தைத் தொட்டு ஐந்து நாளுக்கு விண்ணப்பம் போட்டுவைத்தார். அத்தையின் மகன் வந்தார், அழுதார், ஞாயிற்றுக்கிழமை கிளம்பிப்போனார். அவருக்கு அவருடைய அலுவலகத்தில் துக்க விடுப்பு கிடைத்திருந்தது.

புதன்கிழமை லிஸ்டக்கா வேலைக்கு வந்தார். வீட்டில் உட்கார்ந்தால் காதில் அந்த உர்ரென்ற சத்தம் கேட்கவில்லை; அதுதான் தாங்கவில்லை. மேலாளர் எழுந்து நின்றார்.

"எதுக்கு மேடம் வந்தீங்க? திங்கட்கிழமை வச்சேன். யோசிக்கலாம்னு சொல்லியிருக்காங்க. மாநாட்டு முடிவு வர ரெண்டு மாசம் ஆகும், வரட்டும்கறாங்க."

"சரி சார்."

"உங்க விண்ணப்பம் வரிசையில நிக்குது. உறவுங்கற இடத்துல தாய்னு மாத்திடுங்க. யாரு கேக்கப் போறா?"

"இருநூத்திப் பதினாலு பேரை நான் கேட்டேனே சார்."

மேசைக்குப் போய் வரிசையைத் திறந்தார். ஒரே ஒரு விண்ணப்பம். விண்ணப்பித்தவர் பெயர் அவருடையது. சரிபார்ப்பவர் பெயரும் அவருடையது. உறவு என்ற இடத்தில் 'அத்தை' என்று அவரே தட்டியிருந்தார். கீழே ஃபோர்க்லிஃப்ட் இரண்டு முறை ஹாரன் அடித்துவிட்டுத் திரும்பியது. அவர் 'பட்டியலில் இல்லை' என்று குறித்துத் திருப்பி அனுப்பினார். மறுநிமிடம் நிராகரிப்புத் தகவல் அவருடைய போனுக்கே வந்து அதிர்ந்தது.

பிறகு மாநாட்டின் பக்கத்தைத் திறந்தார். அனுப்பியதில் ஒரு வாரத்துக்குத் திருத்தம் செய்யலாம். வெட்டிய வரியைத் திரும்பப் போட இரண்டு சொல்லுக்குத்தான் இடம் இருந்தது. போடவில்லை; அத்தை வேண்டாம் என்றிருந்தார். எண்ணை மட்டும் மாற்றினார்: 215.

திருத்தத்துக்கான காரணம் என்று ஒரு சின்னக் கட்டம் கேட்டது. வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, 'ஒருவர் விடுபட்டிருந்தார்' என்று எழுதி அனுப்பினார்.