அழிக்காமல் விட்ட பெட்டி

அப்பா ஒரு பேருந்துப் பணிமனையில் ஸ்டோர் கீப்பர். இரவு ஷிப்டைக் கேட்டு வாங்கிக்கொண்டவர். பகலில் எங்களுக்குப் பாடம் எடுத்தார். அக்காவுக்குச் சின்ன வயதில் மூச்சிரைப்பு. கொஞ்ச வருடம் வீட்டிலேயே படிக்கட்டும் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அம்மாவுக்கு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் பகல் வேலை. ஆகவே அப்பா. எனக்கு ஒரு நோயும் இல்லை. அவள் வீட்டில் இருக்க நான் மட்டும் ஏன் போக வேண்டும் என்று தரையில் விழுந்து புரண்டேன். அந்த வகுப்பின் இரண்டாவது மாணவி ஆனேன்.

நாங்கள் வாய்ப்பாடு ஒப்பிக்கும்போது அவர் நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்குவார். தப்பாகச் சொன்னால் கண் திறக்கும். சரியாகச் சொன்னால் குறட்டை. குறட்டை கேட்டால் மேலே போகலாம் என்று எங்களுக்குத் தெரியும்.

வீட்டையும் ஸ்டோர் போலத்தான் நடத்தினார். தேய்ந்த பென்சிலைத் திருப்பிக் கொடுத்தால்தான் புதியது கிடைக்கும். அக்கா ஒருமுறை முழுப் பென்சிலை ஒடித்துப் பாதியை மட்டும் கொண்டுபோய் நீட்டினாள். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது தேய்மானம் இல்லம்மா, விபத்து. மிச்சப் பாதி எங்க?" என்றார். அன்று முழுவதும் அவள் பாதிப் பென்சிலில்தான் எழுதினாள்.

பின்னக் கணக்குக்கு, இன்ஜின் இணைப்புகளில் கசியாமல் வைக்கும் கேஸ்கெட் அட்டையில் வெட்டிய வட்டங்கள். எண்ணுவதற்கு போல்ட்டில் கோத்த வாஷர்கள். எல்லாம் பேரிங் வந்த அட்டைப்பெட்டிகளில் இருக்கும். உதிரிபாகங்களோடு வரும் ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களைச் சேர்த்துவைத்துப் பெட்டிக்கு இரண்டாகப் போடுவார். எங்கள் கணக்குப் புத்தகங்களில் எப்போதும் லேசாக கிரீஸ் வாசனை அடிக்கும். பெட்டிகளைப் பாட வாரியாக அடுக்கவில்லை. ஒரு வண்டியில் எதெல்லாம் சேர்ந்து கெடுமோ அதையெல்லாம் ஒரே தட்டில் வைப்பது பணிமனை வழக்கம். அதே வழக்கம் வீட்டிலும். ஒரு பெட்டியின் மேல் "பின்னம், கடிகாரம், அழுகை" என்று எழுதியிருந்தது. அதற்குள் வட்டங்கள், முள் சுழலும் கடிகார அட்டை, ஒரு சிரிப்புக் கதைப் புத்தகம். மூன்றாவது எதற்கு என்று கேட்கத் தேவையிருக்கவில்லை.

பிறகு நாங்கள் பள்ளிக்கூடம் போனோம். நான் தண்ணீர் பம்புகள் வடிவமைக்கும் பொறியாளர் ஆனேன். பெட்டிகள் பின்னறை அலமாரியில் இருந்தன. பணிமனை நண்பர்களின் பிள்ளைகளுக்கு இரவல் போய்த் திரும்பி வந்தன. "எதுக்குப்பா இன்னும்?" என்று கேட்டால், "நடமாட்டம் இருக்கிற சரக்கு" என்பார்.

போன மாதம் அப்பா இறந்துவிட்டார்.

அம்மா அக்காவோடு போய் இருப்பதென்று முடிவாயிற்று. வீட்டைக் காலி செய்ய வேண்டும். அக்காவின் மகளுக்கும் அதே மூச்சிரைப்பு. கொஞ்ச காலம் அவளையும் வீட்டில் வைத்துப் படிக்கவைக்கப்போகிறாள். பெட்டிகள் எல்லாம் அவளுக்குத்தான். அதில் எனக்கு மறுப்பில்லை. எனக்கு வேண்டியது ஒரே ஒரு பக்கம். நான் போட்ட கணக்கு, ஓரத்தில் அப்பா எழுதிய திருத்தம், இரண்டும் இருக்கிற ஒரு பக்கம். அப்பா கடிதம் எழுதுகிற ஆள் இல்லை. எனக்கென்று அவர் எழுதியது அந்தப் புத்தக ஓரங்களில் மட்டும்தான்.

விடுப்பு எடுத்துக்கொண்டு போனேன். பின்னறைத் தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு பெட்டியாகப் பிரித்தேன். பயிற்சிப் புத்தகங்கள் எல்லாம் வெறுமையாக இருந்தன. கோடிட்ட இடங்கள் கோடிட்டபடியே இருந்தன. புது அட்டை, புது உறை. முதல் பார்வைக்கு அச்சகத்திலிருந்து நேராக வந்ததுபோல்.

அம்மாவிடம் கேட்டேன். துணி மடித்துக்கொண்டே சொன்னாள். முதல் வருடம் யாரோ படித்து முடித்த புத்தகங்களை அப்பா வாங்கி வந்தாராம். விடைகள் எல்லாம் பென்சிலில் நிரப்பப்பட்டிருந்தன. அக்கா பிரித்துப் பார்த்துவிட்டு மூடினாளாம். "யாரோ முடிச்சிட்டாங்கப்பா. நான் எதுக்கு?" என்றாளாம். அன்று சாயங்காலமே அப்பா ஒரு பெட்டி ரப்பரோடு வந்தார். அதிலிருந்து எந்தப் பிள்ளை எழுதினாலும் பென்சிலில்தான். அவர் திருத்துவதும் பென்சிலில்தான். அடுத்த பிள்ளைக்குக் கொடுப்பதற்கு முன் பக்கம் பக்கமாக அழித்துவிடுவார்.

"அப்ப என்னோடது?"

"உன்னோடதா? எல்லாம் அக்கா எழுதி, அவர் அழிச்சுக் கொடுத்ததுதான். நீதான் தெருவெல்லாம் எனக்குப் புதுப் புத்தகம்னு காட்டிக்கிட்டுத் திரிஞ்சே."

அக்கா வாசலில் நின்று சிரித்தாள். அவளுக்கு அப்போதே தெரியுமாம். சொல்லக்கூடாது என்று அப்பா சத்தியம் வாங்கியிருந்தாராம்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மீதிப் பெட்டிகளைப் பிரித்தேன். கீழ்த்தட்டில், சுவரை ஒட்டி, கடைசிப் பெட்டி. மேலே இருந்த புத்தகத்தைத் திறந்தேன். என் கோணல் எழுத்து. ஓரத்தில் அப்பாவின் பொடி எழுத்து: "அவசரம்." அடுத்த பக்கம்: "விடை சரி. வழி எங்கே?" அதற்கடுத்து: "இது நன்று. தூங்கப் போகிறேன்." பெட்டி முழுக்க அப்படியே இருந்தது.

"அது மட்டும் பாக்கி," என்றாள் அம்மா. "உனக்கப்புறம் அதை யாரும் இரவல் கேட்கல, அப்படியே கிடந்துச்சு. கை நடுங்க ஆரம்பிச்சதும் அழிச்சா தாள் கிழியுதுன்னு நிறுத்திட்டார். நீ வந்தா உங்கிட்டக் கொடுத்து அழிக்கச் சொல்லணும்னார்."

அந்தப் பெட்டியை நான் எடுத்துக்கொள்கிறேன் என்று சொன்னேன். அந்தப் பயிற்சிப் புத்தக வரிசை இப்போது அச்சில் இல்லை, மற்ற பெட்டிகளுக்குப் பிறகு படிக்க வேண்டியது அதுதான், அது இல்லாவிட்டால் நடுவில் அறுந்துபோகும் என்றாள் அக்கா. கொஞ்ச நேரம் கழித்து அவளே இறங்கி வந்தாள்.

"சரிடி, எடுத்துக்கோ. நான் எப்படியாவது சமாளிச்சுக்கிறேன். ஆனா ஒண்ணு சொல்லு, வெச்சு என்ன பண்ணுவ?"

"பார்ப்பேன்."

"எத்தனை தடவை?"

பெட்டியைத் தனியாக ஒதுக்கி, பழைய துணியால் தூசி துடைத்து, மூடி ஒட்டுவதற்கு டேப் தேடினேன்.

டேப்போடு திரும்பியபோது அக்காவின் மகள் அந்தப் பெட்டிப் புத்தகம் ஒன்றை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். இடது உள்ளங்கையால் விடைகளை மறைத்துப் பிடித்திருந்தாள். வலது கை விரல்களை மடக்கி மடக்கி எண்ணினாள். மூச்சு லேசாக விசில் அடித்தது. உள்ளங்கை ஒரு வரி கீழே இறங்கியது.

"பார்க்கல சித்தி. கை வழுக்கிடுச்சு."

"என்ன வந்துச்சு?"

"எனக்கு வேற வந்துச்சு. ஆனா இதுல ஏற்கெனவே போட்டிருக்கே. அப்ப என்னோடது தப்புதானே?"

அவளுக்கு வந்த விடையைக் கேட்டுக்கொண்டு, புத்தகத்தை வாங்கிப் பார்த்தேன். அவள் சொன்ன விடைதான் சரி. தப்பு என்னுடையது. பக்கத்தில் அப்பா எழுதியிருந்தார்: "மறுபடி பார்." நான் மறுபடி பார்க்கவே இல்லை போலிருக்கிறது. அந்த அவசரக்காரியின் விடையை நம்பி இந்தக் குழந்தை தன் விடையைக் கைவிட்டுவிட்டாள்.

அவளைப் பாட்டியிடம் அனுப்பினேன். அலமாரியில் ரப்பர் இருக்கும் இடம் எனக்குத் தெரியும். எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தேன். ஒரு பக்கத்தையாவது கிழித்து வைத்துக்கொள் என்றாள் அக்கா. பின்பக்கத்திலும் கணக்கு இருக்கிறது என்றேன். அவள் எதிரில் உட்கார்ந்து இன்னொரு புத்தகத்தை எடுத்தாள். அது என்னுடையது, நானே அழிக்கிறேன் என்று வாங்கி வைத்துக்கொண்டேன்.

வேலை எளிதாக இல்லை. நான் அழுத்தி எழுதுகிற பிள்ளை. ஒவ்வொரு எண்ணும் தாளில் பள்ளமாக இறங்கியிருந்தது. எவ்வளவு தேய்த்தாலும் நிழல் மிஞ்சியது. அப்பா எழுதியவை அப்படியில்லை. முனை தாளைத் தொட்டும் தொடாமலும் எழுதியிருந்தார். ரப்பரை ஒருமுறை இழுத்தால் போதும், போய்விட்டது.

கடைசிப் பக்கம் வரை அழித்தேன்.