படம் வராத பதினேழு நாட்கள்

என் மனைவியின் தம்பி, செங் என்ற ஊரின் தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையில் பத்தொன்பது வருடம் வேலை பார்த்தான். மின்பலகைகளில் ஈயம் சரியாகப் பற்றியிருக்கிறதா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கும் வேலை. அந்தப் பிரிவை மூடி ஆட்களை வீட்டுக்கு அனுப்பியபோது அவனுக்கு நாற்பத்து மூன்று வயது. செக்யூரிட்டி வேலைக்குப் போவதில்லை என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தான். எங்கள் சொந்தத்தில் வேலை போன ஆண்கள் எல்லாரும் கடைசியில் போய் நிற்கும் இடம் அது. அவனுடைய அப்பாவும் வேலை பார்த்த தோட்டம் விற்கப்பட்ட பிறகு ஒரு கிடங்கு வாசலில் உட்கார்ந்துதான் செத்துப்போனார்.

கம்ப்யூட்டர் கட்டிக் கொடுக்கும் கடை வைக்க வேண்டும் என்பது அவன் திட்டம். புக்கிட் பெருவாங்கில் மாணவர்கள் அதிகம். அங்கே என் மனைவியுடைய சித்தப்பாவுக்கு ஒரு கடைவீடு இருந்தது. முன்பாதியில் போட்டோஸ்டேட் கடை, பின்பாதி காலி. சித்தப்பா எதையும் லேசில் கொடுக்கிறவர் அல்ல.

“மொதல்ல ஒரு கம்ப்யூட்டர கட்டிக் காட்டு. ஒழுங்கா ஓடுச்சுன்னா பின்பக்கம் ஒனக்குத்தான். பேச்சு மாற மாட்டேன்லா,” என்று எங்கள் வீட்டு ஹாலில் வைத்துச் சொன்னார்.

அந்த முதல் கம்ப்யூட்டர் என்னுடையது. பத்திரிகை வேலையை விட்ட பிறகு நான் புக்கிட் காத்திலில் வீட்டிலேயே இருந்து மொழிபெயர்ப்பும் பக்க வடிவமைப்பும் செய்துகொண்டிருந்தேன். பழைய இயந்திரம் எழுத்துரு மாற்றினாலே திணறியது. சாமான் பட்டியலை அவனே எழுதினான், அவனே போய் வாங்கி வந்தான்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை. சாப்பாட்டு மேசைமேல் பழைய செய்தித்தாளை விரித்து, எல்லாவற்றையும் உறையிலிருந்து எடுத்து வரிசையாக வைத்தான். கேசிங், மதர்போர்டு, பவர் சப்ளை, ப்ராசஸர், ரேம் எனப்படும் இரண்டு மெல்லிய நினைவகத் தகடுகள். காந்த முனை உள்ள திருப்புளியை வீட்டிலேயே விட்டுவிட்டதாகச் சொல்லி மோட்டார் சைக்கிளில் கிளம்பினான். போய்வர இருபது நிமிடம் ஆகும்.

அவன் போனதும் என் மனைவி சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

“புதுச் சாமான். பொட்டு வைக்காமலா மாட்டப் போறீங்க?”

“நீயே வந்து வையேன்.”

“நான் வைக்கக் கூடாது. இன்னிக்கு ரெண்டாவது நாள்.”

அந்த நாட்களில் அவள் சாமி அறைக்குப் போக மாட்டாள், சந்தனக் கிண்ணத்தைத் தொட மாட்டாள். எனவே கிண்ணத்தை நான் எடுத்து வந்தேன். சந்தனத்தில் பன்னீர் அதிகமாகிவிட்டது. மோதிர விரலால் கேசிங் நெற்றியில் ஒன்று, அதன்மேல் குங்குமம். பவர் சப்ளைக்கு ஒன்று. அவள் வாசலிலிருந்தே, “சின்னதுக்கும் வைங்க, ஒண்ணையும் விட்றாதீங்க,” என்றாள். ரேம் தகடுகளைக் கையில் எடுத்து ஒவ்வொன்றுக்கும் வைத்தேன். நீர்த்த சந்தனம் வழிந்தது. பார்க்க நன்றாக இல்லை. இரண்டையும் என் கைலி நுனியால் துடைத்து, இருந்த இடத்திலேயே வைத்தேன். மதர்போர்டுக்கு அதன் அட்டைப்பெட்டிமேல் வைத்ததோடு சரி.

அவன் திரும்பி வந்து கேசிங்கில் இருந்த பொட்டைப் பார்த்தான். “நல்லதுதான்,” என்று சொல்லி வேலையைத் தொடங்கினான். பத்தரைக்கு ராகு காலம் பிறப்பதற்குள் பொத்தானை அமுக்கிவிட்டோம். விசிறிகள் சுழன்றன, உள்ளே விளக்கு எரிந்தது. திரையில் ஒன்றும் வரவில்லை.

அடுத்து நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அவன் வயர்களைக் கழற்றி மாட்டினான். ரேம் தகடுகளைப் பிடுங்கி மறுபடி அழுத்தினான், படம் வந்தது. கைதட்டினோம். நாற்பது நிமிடத்தில் தானாக அணைந்து, தானாகவே எழுந்து, மறுபடி இருட்டில் நின்றது. மறுநாள் ஒரு தகட்டை மட்டும் வைத்துப் பார்த்தான், படம் இல்லை. மற்றதை மட்டும் வைத்தான், அதற்கும் இல்லை. இரண்டு புதுத் தகடும் ஒரே நேரத்தில் கெட்டுப்போக வாய்ப்பில்லை, அதனால் கோளாறு மதர்போர்டில்தான் இருக்க வேண்டும் என்றான். சரியான தர்க்கம். நானும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

மதர்போர்டை மாற்றித் தரக் கடைக்காரன் பத்து நாள் எடுத்துக்கொண்டான். அந்தப் பத்து நாளும் என் மைத்துனன் தினமும் வந்து, வெற்றுக் கேசிங்குக்கு முன்னால் உட்கார்ந்து எதையாவது திருகிக்கொண்டிருந்தான். புதுப் பலகை வந்தது. மாட்டினான். விசிறி சுழன்றது, விளக்கு எரிந்தது, திரை கறுப்பாகவே இருந்தது.

அப்போதுதான் என்னிடம் அதைக் கேட்டான். குரலில் சந்தேகம் இல்லை. தொழிற்சாலையில் பழுதான பலகை வந்தால் முதலில் கேட்கிற கேள்வியைக் கேட்டான், அவ்வளவுதான்.

“அத்தான், அன்னிக்கு நான் வெளிய போயிருந்தப்ப யாராச்சும் எதையாச்சும் தொட்டீங்களா?”

“இல்ல,” என்றேன்.

நான் பொய் சொல்லவில்லை. அப்போது அப்படித்தான் நம்பினேன். கேள்வி காதில் விழுந்தபோது சந்தனக் கிண்ணம் நினைவுக்கு வராமலும் இல்லை. பொட்டு வைப்பதை யாரும் தொட்டதாகக் கணக்கில் வைப்பதில்லை. காருக்கு வைக்கிறோம், கிரைண்டருக்கு வைக்கிறோம், அவற்றைத் தொட்டோம் என்றா சொல்கிறோம்? இருபத்திரண்டு வருடம் மற்றவர்களிடம் கேள்வி கேட்டுப் பிழைத்தவன் நான். “வேறு ஏதாவது?” என்று இரண்டாவது முறை கேட்டால்தான் உண்மை வெளியே வரும் என்று எனக்குத் தெரியும். அவன் இரண்டாவது முறை கேட்கவில்லை. பெரியவர்களை அப்படிக் கேட்டுப் பழக்கமில்லை.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை சித்தப்பா வந்தார். சர்க்கரை இல்லாத தேநீரை வாங்கிக்கொண்டு, மேசைமேல் பிரித்துக் கிடந்ததைப் பார்த்தார்.

“என்னடா, ஆபரேஷன் தியேட்டர் மாதிரி இருக்கு. நோயாளி பொழைப்பானா?”

அவன் சிரித்தான். “போர்டு பிரச்சினை சித்தப்பா. இன்னும் ரெண்டு நாள்ல சரியாயிரும்.”

“போன வாரமும் ரெண்டு நாளுன்னுதான் சொன்ன.” என் பக்கம் திரும்பினார். “மாப்ள, நீங்க சொல்லுங்க. நீங்க பேப்பர்ல இருந்தவரு, கூட்டியும் சொல்ல மாட்டீங்க, குறைச்சும் சொல்ல மாட்டீங்க. ஓடுதா, ஓடலையா?”

“ஓடல மாமா,” என்றேன்.

அதோடு நிறுத்தினேன். பலகையை ஒரு முறை மாற்றியாகிவிட்டது, அவன் முறையாகத்தான் சோதிக்கிறான், கோளாறு வாங்கிய சாமானில் இருக்கலாம் என்றெல்லாம் சொல்ல எனக்குத் தெரியும். நான்கு வாக்கியம் போதும். ஆனால் பதினைந்து நாளாக என் வேலை தடைபட்டிருந்தது, எனக்கு எரிச்சல் இருந்தது. ஒரு வார்த்தையில் பதில் சொல்வது நேர்மையாகவும் பட்டது. சித்தப்பா தேநீரை முடித்துவிட்டுக் கிளம்பினார். அவன் திருப்புளியைத் துணியில் துடைத்துக்கொண்டிருந்தான். அது சுத்தமாகத்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா என் மனைவிக்குப் போன் செய்தார். கைபேசி உறைகள் விற்கும் ஒருவன் பின்பாதியைக் கேட்டு வந்தான், கொடுத்துவிட்டேன் என்றார். “தம்பிகிட்ட நீயே பக்குவமா சொல்லிரு. வீட்டு ஆளுக்கே ஓட வைக்க முடியல, வெளியாளுக்கு எப்படிம்மா?”

அன்று பிற்பகலே நான் கேசிங்கைக் காரில் போட்டு டவுனில் ஒரு பழுதுபார்க்கும் கடைக்கு எடுத்துப் போனேன். பதினேழாவது நாள். சீனக் கிழவர் ஒருவர் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினார். மாட்டியிருந்த விதத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். வயர்களைக் கட்டியிருந்த நேர்த்தியைப் பார்த்து, யார் கட்டியது, கை சுத்தமான ஆள் என்று மலாயில் சொன்னார். பிறகு ஒரு ரேம் தகட்டைப் பிடுங்கி வெளிச்சத்தில் பிடித்தார். மூக்கருகே கொண்டுபோனார்.

“இனி பாவு ஆப்பா?” என்றார். இது என்ன வாசனை என்று.

 சந்தனம் என்று அவரே கண்டுபிடித்தார். உங்கள் ஆட்கள் கார் வாங்கினால் எலுமிச்சம்பழத்தை நசுக்குவார்கள், இதை மட்டும் விடுவார்களா என்று சிரித்தார். பள்ளிப் பிள்ளைகள் வைத்திருக்கும் சாதாரண அழிரப்பரை எடுத்து, இரண்டு தகடுகளின் அடியிலும் வரிசையாக இருந்த பொன்னிறப் பற்களைத் தேய்த்தார். மங்கலான மஞ்சள் தூள் உதிர்ந்தது. செருகும் பள்ளங்களையும் ஸ்பிரிட் தொட்ட தூரிகையால் துடைத்தார். பழைய தகடு என்றால் முதலில் தேய்த்துத்தான் பார்ப்போம், உறையிலிருந்து எடுத்த புதுத் தகட்டை யார் தேய்ப்பார்கள் என்றார். பொத்தானை அமுக்கினார். படம் வந்தது. ஒரு மணி நேரம் ஓடவிட்டார், நின்றுகொண்டே இருந்தேன். அணையவில்லை.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன்.  “அவன்கிட்ட நீங்கதான் சொல்லணும்,” என்றாள்.

சொல்ல எனக்கு ஐந்து வாரம் ஆனது. கடை கைவிட்டுப் போன கதை மாதிரியே இதுவும் பழையதாகிவிடும் என்று காத்திருந்தேன். அதற்குள் அவன் ஆயர் குரோ பக்கம் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் செக்யூரிட்டி வேலைக்குச் சேர்ந்துவிட்டான். பகல் ஷிப்ட். நான் போனபோது நுழைவாயில் கூண்டில் வெளிர்நீலச் சட்டையில் உட்கார்ந்து, உள்ளே வந்த காரின் எண்ணைப் புத்தகத்தில் எழுதிக்கொண்டிருந்தான். கூண்டுக்கு வெளியே நின்றபடியே நான் எல்லாவற்றையும் சொன்னேன். என் மனைவி வாசலிலேயே நின்றது, கிண்ணம், பன்னீர், கைலி நுனி, அழிரப்பர். எதையும் விடவில்லை.

அவன் கோபப்படுவான் என்று எதிர்பார்த்தேன். அவன் நெற்றியைச் சுருக்கி யோசித்தான்.

“ரெண்டுலயுமா அத்தான்?”

“ரெண்டுலயும்.”

“அதான். ஒண்ணுல மட்டும் இருந்திருந்தா மொத நாளே பிடிச்சிருப்பேன்.”

தடுப்புக் கம்பிக்கு முன்னால் ஒரு லோரி வந்து ஹாரன் அடித்தது. எழுந்து போய் ஓட்டுநரிடம் அடையாள அட்டையை வாங்கிப் பார்த்து, எழுதி, கம்பியைத் தூக்கிவிட்டு வந்தான்.

“நான் சித்தப்பாகிட்ட போய்ச் சொல்றேன். தப்பு என்னுதுன்னு,” என்றேன்.

“வேணாம்.”

“அவருக்குத் தெரியணும்ல?”

“சொன்னீங்கன்னா பொட்டு யாரு வச்சான்னு கேப்பாரு. அத்தான் வச்சாருன்னு சொல்லணும். அக்கா ஏன் வைக்கலன்னு கேப்பாரு.” குரலைத் தாழ்த்தினான். “அப்புறம் அக்கா தூரமா இருந்தப்ப வீட்டுல நல்ல காரியம் ஆரம்பிச்சாங்க, அதான் வெளங்கலன்னு ஊர் பூரா பேசுவாங்க. ஒங்கள யாரும் பேச மாட்டாங்க. அவளத்தான் பேசுவாங்க. விடுங்க அத்தான்.”

அவன் சொன்னது சரி. அப்படித்தான் பேசியிருப்பார்கள். நான் சித்தப்பாவிடம் போகவில்லை. யாருக்கும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை என்று ஆனதில் எனக்கு அந்தக் கணம் ஒரு நிம்மதி வந்தது. அதையும் இங்கே எழுதித்தான் ஆக வேண்டும்.

“வந்தவங்க பேர எழுதணும் அத்தான், ரூல்ஸ்,” என்று புத்தகத்தை என் பக்கம் திருப்பினான். பெயர், கார் எண், பார்க்க வந்த வீட்டு எண் என்று கட்டங்கள் இருந்தன. முதல் இரண்டையும் நிரப்பினேன். மூன்றாவதில் எழுத ஒன்றுமில்லை. அவன் பேனாவை வாங்கி அந்தக் கட்டத்தில் ஒரு கோடு போட்டான்.