ஒரு நர்ஸ், இரண்டு பானைகள்

போன வாரம் கொல்லிமலை ஏறினேன். சொல்லும்போது சுலபமாகத்தான் இருக்கிறது... என் முழங்காலைக் கேட்டால் வேறு கதை சொல்லும்.

அரியூர் நாட்டில் (மலைமேல் சில ஊர்கள் சேர்ந்தால் அது ஒரு நாடு) என் நண்பர் ஒருவர் பஞ்சாயத்துத் தலைவர். ஊர் எல்லையிலேயே செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டேன். உள்ளே போட்டு நடக்கக் கூடாது — அவர்கள் வழக்கம்.

கோயில் முன்னால் ஒரு சிவப்புப் பானை, ஒரு கருப்புப் பானை. வரிசையில் நின்றவர்கள் கையில் ஆளுக்கொரு பலாக்கொட்டை. என்ன விசேஷம்?

சர்க்கார் ஒரு பிரசவ நர்ஸை அனுப்பியிருக்கிறது. குடியிருக்க வீடு கிடைக்காவிட்டால் அவள் மலை இறங்கிவிட வேண்டியதுதான். ஆனால் அவள் கீழ்நாட்டுக்காரி, வேறு சாதி. ஊருக்குள் வைக்கலாமா? வைக்கலாம் என்றால் சிவப்பு, கூடாது என்றால் கருப்பு. வீட்டுக்கு ஒரு கொட்டை.

"ஊரு சொல்றதுதானுங்க. அதை மீற நான் யாருங்க?" என்றார் தலைவர்.

எனக்குப் புல்லரித்தது. ஓட்டு வாங்கிய பிறகும் ஜனங்களைக் கேட்கிற தலைவர்! இந்த வாரப் பத்தியை அங்கேயே மனசுக்குள் எழுதி முடித்துவிட்டேன்.

எண்ணினார்கள். கருப்புதான் ஜெயித்தது. நர்ஸ் டிரங்குப் பெட்டியைத் தூக்கினாள். பாவமாக இருந்தது.

அப்போது தலைவரின் மருமகள் முன்னால் வந்தாள். நிறைமாதம். போன பிரசவத்தில் டோலி கட்டி மலை இறக்குவதற்குள் குழந்தை போய்விட்டதாம்.

"ஏனுங்க மாமா, கொட்டை போட்டவங்கள்ல புள்ள பெத்தவ ஒருத்தியாச்சும் உண்டுங்களா?"

அட! வரிசை முழுக்க ஆண்கள்.

"நம்ம வழக்கம் அது கண்ணு..."

"உங்களைத் தலைவராக்கப் பெட்டி வெச்சாங்களே, அதுல நாங்களும்தானுங்க ஓட்டுப் போட்டோம்?"

தலைவர் பானையைப் பார்த்தார். மருமகளைப் பார்த்தார். பிறகு நர்ஸிடம், "பெட்டியைக் கீழ வைம்மா. நம்ம ஊட்டுலயே இருந்துக்கோ" என்றார்.

"ஊர்ப் பேச்சை மீறிட்டீங்க!" என்று ஒருவர் எகிறினார்.

"அடுத்த எலெக்‌ஷன்ல என்னைத் தோக்கடிச்சுருங்க. பொம்பளைங்களையும் கூட்டிட்டு வாங்க."

ஜனங்களைக் கேட்டுச் செய்ய வேண்டும் என்கிற கட்சிதான் நான், இப்போதும். ஆனால் கேட்காமல் விட்டவர்களுக்கும் சேர்த்துத்தானே தலைவர்?

ஒரு மணி நேரம் அந்த வரிசையை மெச்சிக்கொண்டு நின்றிருக்கிறேன், அதில் ஒரு பெண்கூட இல்லை என்பது என் கண்ணில் படவேயில்லை. ஊர் எல்லையில் செருப்போடு வேறு எதையோ சேர்த்துக் கழற்றியிருக்கிறேன்!